பழைய கோயில் கற்கட்டைப் பிரித்துக் கட்டும் முறை

மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்துக் கோயிலில் பழைய கருங்கல் கட்டு சரிந்தால், இடித்துவிட்டு சிமெந்தில் கட்டலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். மேசனான நான் பின்பற்றுவது கம்போடியாவின் அங்கோர் சின்னங்களைப் பாதுகாத்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஆன்றி மார்ஷலின் வழி. 1930இல் ஜாவா போய் டச்சுக்காரர்களிடம் இந்த முறையைக் கற்று வந்தவர், 1931 முதல் 1936 வரை அங்கோரின் பந்தேய் ஸ்ரீ கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, அதே கற்களால் நிமிர்த்தினார்.

பாலஸ்தாபனம் (திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைப்பது) முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம்: முதல் வரி, ஐந்தாம் கல் என்று. வெளியே தெரியாத முகத்தில், பெயின்ட்டில் எழுதுங்கள். சுண்ணக்கட்டி மழையில் போய்விடும். மேலிருந்து கழற்றி, இருந்த ஒழுங்கிலேயே தரையில் பரப்புங்கள். குறைகிற கல்லைப் பற்றைக்குள் தேடுங்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசற்படியாகவும் கிடக்கலாம். கோயிலுக்கு என்றால் சனங்கள் மனமுவந்து தருவார்கள். கிடைக்காததற்கு மட்டும் புதுக் கல்.

நம் மலையில் கட்டு சரியப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மேட்டுப் பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டி, அத்திவாரத்தை இறுக்கிய பிறகே கல் ஏற்றுங்கள். சாந்து சுண்ணாம்பில்தான், சிமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். தை, மாசியில் தொடங்கினால் தென்மேல் பருவமழைக்கு முன் முடிக்கலாம்.