பவளப்பாறை மீன்களை எண்ணப் போகுமுன் மதுரையில் செய்ய வேண்டியவை

மதுரையிலிருந்து பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக மண்டபத்தை அடைந்தால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் முதல் தொகுதி எதிரே தெரியும். அப்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதாகையால், வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி அங்கே கணக்கெடுப்பு நடத்த இயலாது. அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களில், வேலையின் கடினமான பாதியான கண் பயிற்சியை மதுரையிலேயே முடித்துவிடலாம்.

மாஸ்க் அணிந்து நீருக்குள் பார்க்கும்போது எப்பொருளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், 15 செ.மீ. நீளமுள்ள ஓரா மீன் 20 செ.மீ. போலத் தோன்றும். இது சிறிய பிழை என்று விட்டுவிட முடியாது. மீனின் எடை, நீளத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்குக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப உயர்வதால், எடைக் கணக்கில் இரண்டு மடங்குக்கும் மேலான பிழையாக அது வந்து நிற்கும். ஆகவே பிவிசி குழாயை 5 முதல் 40 செ.மீ. வரை பல நீளங்களில் அறுத்து, அளவை உட்புறம் எழுதி, நூலில் கட்டி நீச்சல் குளத்திற்குள் தொங்கவிடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி மிதந்தபடி ஒவ்வொன்றின் நீளத்தையும் மதிப்பிட்டு எழுதி, பிறகு உண்மையளவோடு ஒப்பிடுங்கள். பத்தில் எட்டுத் துண்டுகளையாவது 3 செ.மீ. பிழைக்குள் சொல்லும்வரை என் மாணவர்களை நான் கடலுக்கு அழைத்துச் செல்வதில்லை. மாட்டுத்தாவணியில் மல்லிகைக்கு முழம் போடுபவர் இருவரின் கை நீளம் ஒன்றாக இராது. அதுபோல இருவர் எண்ணுவதாயின் ஒரே துண்டுகளை இருவரும் அளந்து, தங்களுக்கிடையிலான வேறுபாட்டை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

மீன்களை அடையாளம் காணக் கரிமேடு மீன் சந்தை நல்ல இடம். களவா, விளமீன், ஓரா ஆகியவற்றின் வாயமைப்பையும் உடல் வடிவத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இறந்த மீனின் நிறம் மங்கிவிடும். கிளி மீனிலோ இளமையில் ஒரு நிறமும் முதிர்ந்த ஆணில் வேறு நிறமும் இருப்பதால், ஒரே இனத்தை இரண்டாக எழுதிவிடுவது எளிது.

தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா கலங்கிவிடும் என்பதால் அமைதியான மாதங்களையும், நாளில் காலை ஒன்பது முதல் மாலை மூன்று மணிக்குள்ளான நேரத்தையும் தேர்ந்துகொள்க. பாறைகள் பெரும்பாலும் ஆழமற்ற நீரில் இருப்பதால் பல இடங்களில் ஸ்நார்கலே (வாயில் கவ்வி மூச்சு விடும் குழாய்) போதும். ஒரே ஆழத்தில் 50 மீட்டர் நாடாவை விரித்து, மீன்கள் அச்சம் தெளிந்து திரும்பப் பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். பிறகு சீரான வேகத்தில் நீந்தி, நாடாவின் இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் வரும் பெரிய மீன்களை எண்ணி, இனத்தையும் நீளத்தையும் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறியுங்கள். பின்னாலிருந்து முந்திச் செல்லும் மீனை எண்ணக் கூடாது. ஏற்கெனவே எண்ணியதே திரும்ப வந்திருக்கலாம். கூட்டமாக வந்தால் பத்து மீன்கள் அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அத்தகைய இடங்கள் எத்தனை என்று பாருங்கள். திரும்பும்போது ஒவ்வொரு புறமும் ஒரு மீட்டருக்குள் பாறையை ஒட்டி வாழும் சிறு மீன்களை எண்ணுங்கள். ஓரிடத்தில் இவ்வாறு மூன்று நாடாக்களாவது வேண்டும்.

பெரிய மீன்களை எண்ணும் முதல் சுற்றின் பரப்பு (50 × 5 மீட்டர்) 250 சதுர மீட்டர். அதில் 18 ஓரா கண்டிருந்தால், 100 சதுர மீட்டருக்கு 7.2 என்று எழுதுக. ஒரு களவாகூடக் காணாத நாடாவுக்குச் சுழியம் இடுக. கட்டத்தைக் காலியாக விட்டால், தேடிப் பார்க்கவில்லையா, மீனே இல்லையா என்பது பின்னர் எவருக்கும் தெரியாது. களவா பொந்துக்குள் ஒதுங்கும் மீன் என்பதால் இம்முறையில் அது எப்போதும் குறைவாகவே பதிவாகும். அறிக்கையில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.