எடை குறைந்த பிறகு தொங்கும் தோல்: கொழும்பு வெக்கையில் அதைப் பராமரிக்கும் முறை

2022இல் பெற்றோலும் பஸ்ஸும் இல்லாத மாதங்களில், வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டியில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடக்கத் தொடங்கினேன். பஸ் திரும்பி வந்த பிறகும் நடை நிற்கவில்லை. இரண்டரை வருடத்தில் 118 கிலோ 71 ஆனது. என்ன சாப்பிட்டேன், எப்படிக் குறைத்தேன் என்பதை முந்தியே எழுதிவிட்டேன், இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. இது அதற்குப் பிறகு வந்த பிரச்சினை பற்றியது. அடிவயிற்றில் மடிந்து தொங்குகிற தோல், கையைத் தூக்கினால் ஆடுகிற புயம், நடக்கும்போது உரசுகிற உள்தொடை.

எடை குறைக்க வழி சொன்ன ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு கலியாண வீட்டில் சித்தி என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்ன பிள்ளை, இப்படி வாடிப்போனாய், ஏதும் வருத்தமோ?" என்று கேட்டா. அன்றைக்கு நான் பந்தியில் இருக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படி எழும்பி வந்த யாராவது இதை வாசித்தால், அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில்: தொங்குவது தோலா, கொழுப்பா?

மடிப்பை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மெல்லியதாக, சுருக்கம் விழுந்து, பழைய சேலைத் துணி மாதிரி வந்தால் அது பெரும்பாலும் தோல். தடிப்பாக, கைநிறைய வந்தால் கொழுப்பும் மிச்சம் இருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் எந்தப் பெரிய முடிவும் எடுக்க வேண்டாம். எடை நிலைத்த பிறகும் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், தோல் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கும்.

முழுவதும் உள்வாங்காது. தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு நார்கள் இருக்கின்றன. கொலாஜன் தோலுக்குப் பலம் கொடுக்கிறது, எலாஸ்டின் இழுபட்ட தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. பல வருடம் இழுபட்டே கிடந்த நார் பழுதாகிவிடும். எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருடம் பருமனாக இருந்தோம், வயது, பரம்பரை, புகைத்தல், வெயில் எல்லாம் சேர்ந்துதான் எவ்வளவு தொங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் இருபது வயதிலிருந்து பருமன், இப்போது 43. என் தோல் எனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை என்று விளங்கிக்கொள்ள எனக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டது.

தோலை இறுக்கும் என்று விற்கிற கிறீம்களை வாங்காதீர்கள். நான் மூன்று டப்பா முடித்துவிட்டுச் சொல்கிறேன். தோல் மிருதுவாகும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். புயத்தில் பூசுங்கள், நல்லது. மடிப்புக்குள் மட்டும் பூசாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டுவிடும்.

அடுத்தது: மடிப்பை உலர்த்துதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கொழும்பில் வருடம் முழுக்க வேர்வை. ஏப்ரலில் காற்றே நின்றுவிடும். தோல் தோலோடு ஒட்டுகிற இடத்தில் வேர்வை காய வழியில்லை. ஈரத்தில் ஊறிய தோல் உரசி, சிவந்து, எரியும். பிறகு கண்டிடா என்கிற பங்கசு அங்கே குடியேறும். பெரிய சிவப்புத் திட்டும், அதன் ஓரத்தில் தனித்தனிச் சிவப்புப் பொட்டுகளும், கடியும் (அரிப்பும்), ஒரு புளித்த மணமும் இருந்தால் அநேகமாக அதுதான்.

எனக்கு அது வந்தபோது வெட்கத்தில் டொக்டரிடம் போகவில்லை. ஒரு பாமசியில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று கேட்டு வாங்கினேன். மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது. நிறுத்தினேன். பத்து நாளில் முன்னையைவிடப் பரந்து வந்தது. திரும்பப் பூசினேன். இப்படியே நாலு மாதம். கடைசியில் தோல் டொக்டரிடம் போனபோது அவர் அந்தக் குழாயைத் திருப்பிச் சின்ன எழுத்தை வாசித்துக் காட்டினார். பங்கசு மருந்தோடு ஸ்டீரொயிட்டும் கலந்த கிறீம் அது. ஸ்டீரொயிட் சிவப்பையும் கடியையும் அமத்திவிடும், ஆனால் பங்கசைத் தாராளமாக வளரவிடும். மடிப்புக்குள் தோல் ஏற்கெனவே மெல்லியது, அங்கே அதை மாதக்கணக்கில் பூசினால் தோல் இன்னும் மெலிந்து கோடு கோடாகக் கிழியும். ஆகவே குழாயில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்ற ஸ்டீரொயிட் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், டொக்டர் சொல்லாமல் மடிப்பில் பூச வேண்டாம்.

எனக்குத் தந்தது ஸ்டீரொயிட் கலக்காத பங்கசு மருந்து, வெறும் குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிறீம். காலையும் இரவும் மெல்லியதாகப் பூசி, சிவப்பு போன பிறகும் இரண்டு வாரம் தொடரச் சொன்னார். அந்தக் கடைசி இரண்டு வாரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் பூசியும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் திரும்பிப் போய்க் காட்டுங்கள். தோல் சூடாகி, வீங்கி, நோவோடு சிவப்புப் பரவினால், அல்லது காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இனி, ஒவ்வொரு நாளும் நான் செய்வது.

குளித்த பிறகு துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, வயிற்று மடிப்பை மேலே தூக்கிப் பிடித்து, மின்விசிறிக் காற்று நேரே படுகிற மாதிரி ஐந்து நிமிடமாவது இருங்கள். நின்றுகொண்டு செய்தால் மடிப்பின் அடி காயவே காயாது. தலைமயிர் உலர்த்தி இருந்தால் குளிர்காற்றில் மட்டும் வைத்துப் பிடிக்கலாம். சூட்டுக்காற்று வேண்டவே வேண்டாம், மரத்துப்போன தோல் சுட்டது தெரியாது. மின்சாரம் இல்லாவிட்டால் பனையோலை விசிறி போதும். 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் விசிறிதான் எனக்குக் கைகொடுத்தது.

காய்ந்த பிறகு மடிப்புக்குள் ஒரு பருத்தித் துணித் துண்டு வைக்க வேண்டும். பழைய வேட்டி அல்லது நன்றாகத் துவைபட்ட நூல் சேலை மிகத் திறம். புதுத் துணி தண்ணீரை உறிஞ்சாது. ஒற்றை அடுக்காக, சுருக்கமில்லாமல் வையுங்கள்.

இங்கேதான் நான் ஆறு மாதம் பிழை விட்டேன். வெளியில் தெரியக்கூடாது என்று துணியை முழுவதும் உள்ளே செருகிவிடுவேன். மத்தியானம் பார்த்தால் துணி தொப்பமாக நனைந்திருக்கும். நனைந்த துணியை உள்ளே வைத்திருப்பது ஒன்றும் வைக்காததைவிட மோசம். துணியின் ஓரம் மடிப்புக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, துணி உள்ளே இருக்கிற வேர்வையை இழுத்து வெளி ஓரத்துக்குக் கொண்டுவரும், அங்கே காற்றில் அது காயும். ஓரம் வெளியே இல்லாவிட்டால் ஈரம் போக இடமில்லை. இதை ஒரு தாதிதான் எனக்குச் செய்து காட்டினா. அந்த வாரத்திலேயே எரிவு பாதியாகிவிட்டது.

துணி வைக்கிற இடத்தில் பவுடரோ களிம்போ பூச வேண்டாம், துணியின் நூலை அது அடைத்துவிடும். மருந்து பூசுகிற நாட்களில் அது தோலில் இறங்கிக் காய்ந்த பிறகு துணியை வையுங்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்று துண்டு கொண்டு போவேன். இடைவேளைக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒன்று.

*பிறகு சேர்த்தது:* கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி, சோளமாவு போடலாமா என்று கேட்டிருந்தா. வேண்டாம். வேர்வையோடு சேர்ந்து களியாகி மடிப்பில் ஒட்டும், உரசலும் கூடும். முகப்பவுடருக்கும் இதே பதில்தான்.

*இன்னொன்று:* ஒரு அண்ணன், மருந்து பூசியும் மாதத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று எழுதினார். சீனி பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தார், கூடியிருந்தது. மடிப்பில் பங்கசு விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் வெறும் வயிற்றில் இரத்தச் சீனியைச் சோதித்துவிடுங்கள். எடை குறைந்துவிட்டதால் சீனி இருக்காது என்று நினைக்க வேண்டாம்.

உடுப்பு

கிறீமுக்குச் செலவழிக்க இருந்த காசைத் தையல்காரரிடம் கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

சேலை கட்டுகிறவர்கள் முதலில் பாவாடை நாடாவை மாற்ற வேண்டும். மெல்லிய நாடாவை இறுக்கி முடிந்தால் அது நேரே மடிப்பில் அறுத்துப் புண்ணாக்கும். நான் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைப்பித்து, முன்னுக்குக் கொளுக்கி போடச் சொன்னேன். சேலை வழுகும் என்று தையல்கார அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டிக்கு உள்ளே ஒரு அங்குல இலாஸ்டிக் வைத்த பிறகு ஏழு பாடமும் நின்று படிப்பித்தாலும் வழுகுவதில்லை.

சட்டைக் கை முழங்கை வரை வரட்டும். கைமுனையை இறுக்கிப் பிடிக்கத் தைத்தால் தொங்கும் தோல் அதன் கீழே பிதுங்கி நிற்கும், நாள் முழுக்க உரசும். அக்குளில் ஒரு சின்ன முக்கோணத் துண்டு ஒட்டுப் போட்டுத் தைத்தால் கரும்பலகையில் எழுதக் கை தாராளமாகத் தூக்கலாம்.

நடைக்கு, முழங்காலுக்குச் சற்று மேலே வரை வருகிற, வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கிற இறுக்கமான உள்காற்சட்டை. புறக்கோட்டை மெயின் வீதியில் தேடினால் கிடைக்கும். அதைப் போடும் முறை முக்கியம். படுத்துக்கொண்டு போடுங்கள். தோலைக் கையால் மேலே ஏந்திப் பரத்திவிட்டு, அதன் மேல் இழுத்துவிடுங்கள். நின்றுகொண்டு இழுத்தால் மடிப்பு அப்படியே உள்ளே நசுங்கிக் கிடக்கும், காலிமுகத்திடலில் இரண்டு சுற்று நடப்பதற்குள் எரியும். கால் விறைத்தால், மூச்சு முட்டினால் அது சிறிய அளவு. வீடு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இரவில் போடவே கூடாது. இடுப்பை ஒடுக்கும் என்று விற்கிற கம்பி வைத்த பட்டிகளை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உள்தொடைக்குக் கொஞ்சம் வஸ்லீன் போதும்.

தசையும் புரதமும்

தோலுக்குக் கீழே தசை வளர்ந்தால் வெற்றிடம் கொஞ்சம் நிறையும். தொடையிலும் பின்பக்கத்திலும் எனக்கு வித்தியாசம் தெரிகிறது, புயத்தில் சிறிதளவு, வயிற்றில் இல்லை. கிழமைக்கு மூன்று நாள், கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவது. இதற்கு ஜிம் வேண்டியதில்லை.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. 71 கிலோவுக்கு ஏறக்குறைய 85 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, சமைத்த சூரை மீன் 100 கிராமில் 25க்கு மேல். பருப்பும் கடலையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். விலை கூடிய கொலாஜன் பவுடரும் வயிற்றில் செரித்து மற்றப் புரதங்களைப் போலவே உடைந்துதான் போகிறது, அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

சத்திரசிகிச்சை

கூடுதலாகத் தொங்கும் தோலை முழுவதும் அகற்ற வழி இது ஒன்றுதான். நான் இன்னும் செய்யவில்லை, ஆலோசனைக்கு இரண்டு முறை போனேன். அங்கே விளங்கியதைச் சொல்கிறேன்.

வயிற்றுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்றில் தொங்கும் மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பார்கள். மற்றதில் விலகிப்போன வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளையும் புது இடத்தில் வைப்பார்கள். தழும்பு ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்பு வரை இருக்கும், வருடங்கள் போக மங்கும், மறையாது. சில நாள் நீர் வடியக் குழாய் வைப்பார்கள், பாரம் தூக்க ஆறு வாரமாவது ஆகும். காயம் பிரிதல், நீர் கட்டுதல், தொற்று, காலில் இரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. பெரிய அளவில் எடை குறைந்தவர்களுக்கு இந்த ஆபத்துக் கூடுதல். குறைந்த எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிற்க வேண்டும், புகைப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இரத்தச்சோகை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு செய்வது நல்லது.

போகிற டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்று பாருங்கள். அழகு நிலையத்தில் இதைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும், சிவப்பும் புண்ணும் வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, படமும் எடுத்துக்கொண்டு போங்கள். "வடிவுக்காக" என்று நினைத்து ஒதுக்கிவிடாமல் இது உங்கள் தோலின் வருத்தம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நான் முதல் முறை வெறுங்கையோடு போனேன், சொல்ல வேண்டியதில் பாதியை வெட்கத்தில் விழுங்கிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை கொப்பி எனக்காகக் கதைத்தது.

*கடைசியாகச் சேர்த்தது:* துணித் துண்டுகளைத் துவைப்பது எப்படி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். சுடுதண்ணீரில் சாதாரண சோப், இரண்டு முறை அலசல். துணியை மிருதுவாக்கும் திரவம் போடாதீர்கள், போட்டால் உறிஞ்சுவது குறைந்துவிடும். வெயிலில் காயவிடுங்கள். மே, ஜூன் மழையில் மொட்டைமாடியில் ஒன்றும் காயாது, அந்த நாட்களில் நான் இரவு எட்டு மணிக்கு எல்லாவற்றையும் சூடாக அயர்ன் பண்ணி, ஆறவிட்டு, காற்றுப் புகாத பிஸ்கட் தகரத்தில் போட்டு வைக்கிறேன். பத்துத் துண்டு இருந்தால் இரண்டு நாள் தாராளமாக ஓடும்.