நற்செய்தியைப் பாதியில் வெட்டாதீர்கள்: புதிதாக வழிநடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தையும், ஃபாதர் வர முடியாத ஞாயிறுகளில் கிளைப்பங்கு (பங்கைச் சேர்ந்த சிறிய கோயில்) வழிபாட்டையும் நடத்தப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள்தான் திரும்ப வருகின்றன. மைக், உச்சரிப்பு, பக்கம் தேடித் தடுமாறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசுவது யார் என்பதை மறப்பது

மற்ற வாசகங்களை உட்கார்ந்து கேட்கிறோம். நற்செய்திக்கு எழுந்து நிற்கிறோம். நெற்றி, உதடு, நெஞ்சு மூன்றிலும் சிலுவை வரைகிறோம். முடிந்ததும் "கிறிஸ்துவே, உமக்குப் புகழ்" என்று அவரிடமே சொல்கிறோம். திருச்சபையில் மறைநூல் வாசிக்கப்படும்போது பேசுகிறவர் கிறிஸ்துவே என்று 1963இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எடுத்துச் சொன்னது. அவர் பேச்சை நம் தேவைக்கு வளைக்க நமக்கு உரிமை இல்லை.

வசதியான பாதியை மட்டும் எடுப்பது

பொதுக்காலம் (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாள்கள்) 32ஆம் ஞாயிறு, மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு. 2024 நவம்பர் 10 அன்று வந்தது. இனி 2027இல் வரும். நற்செய்தி மாற்கு 12:38-44, ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை. 41 முதல் 44 வரை மட்டும் வாசிக்கவும் அனுமதி உண்டு. புதியவர்கள் நேராக அங்கேதான் போவார்கள்.

ஓர் ஊரில் கோயில் கட்டட நிதி திரட்டிக்கொண்டிருந்த சமயம். கூட்டத்தை நடத்தியவர் அந்தக் குறுகிய பகுதியை வாசித்தார். "அந்தம்மா இருந்ததெல்லாம் குடுத்தாங்க, நாம?" என்று கேட்டு உறையைச் சுற்றுக்கு விட்டார். பாயின் ஓரத்தில் இருந்த ஒரு பாட்டி, கணவரை இழந்தவர், சுருக்குப்பையை அவிழ்த்து, நாலாக மடித்த நோட்டுகளை எண்ணாமலேயே உறைக்குள் திணித்தார். மாத்திரை வாங்க வைத்திருந்த உதவித்தொகை அது. எல்லாரும் கைதட்டினார்கள். இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது.

விட்டுப்போன மூன்று வசனங்களில் இயேசு என்ன சொல்கிறார்? நீண்ட ஆடையோடு உலாவி, நீண்ட செபமும் சொல்லிக்கொண்டு, கைம்பெண்களின் வீடுகளைப் பிடுங்குகிற மறைநூல் அறிஞர்களைக் குறித்து எச்சரிக்கிறார். அதைச் சொன்ன கையோடுதான் எருசலேம் கோவிலின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பெண்ணைச் சுட்டிக்காட்டுகிறார். அவருடைய கொடையை இயேசு உயர்த்திப் பேசுகிறார், மறுக்கவில்லை. ஆனால் இல்லாதவரிடம் கேட்டு வாங்குங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத் தொடக்கத்திலேயே அந்தக் கோவில் கல்லின்மேல் கல் இல்லாதபடி இடிபடும் என்கிறார்.

அன்றைய முதல் வாசகம் சாரிபாத்துக் கைம்பெண், 1 அரசர்கள் 17. கடைசிப் பிடி மாவில் இறைவாக்கினர் எலியா முதலில் தனக்கு அப்பம் கேட்டார்தான். ஆனால் அதன்பிறகு பானையில் மாவும் கலயத்தில் எண்ணெயும் தீரவே இல்லை. அந்தத் தாயும் பிள்ளையும் பல நாள் சாப்பிட்டார்கள். பதிலுரைப் பாடலான திருப்பாடல் 146, ஆண்டவர் கைம்பெண்களை ஆதரிக்கிறவர் என்கிறது. இவற்றைச் சேர்த்து வாசித்த எவருக்கும் அந்தப் பாட்டியிடம் உறையை நீட்ட மனசு வராது. பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியைப் பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து தயாரிப்பைத் தொடங்குங்கள். நற்செய்திப் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ளதையும் விவிலியத்தில் புரட்டிப் பாருங்கள்.

இரண்டாம் வாசகத்தை இழுத்துப் பொருத்துவது

பொதுக்காலத்தில் அது நற்செய்தியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, தனி வரிசையாகத் தொடர்ந்து வரும். வலிந்து முடிச்சுப் போட வேண்டாம்.

அல்லேலூயாவை வாசிப்பது

அது பாட்டு. பாடுங்கள்.

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக"

அருள்பணியாளரும் திருத்தொண்டரும் (டீக்கன்) சொல்லும் வாழ்த்து அது. பொதுநிலையினர் நடத்தும்போது அதை விட்டு, நேரே வாசகத்தை அறிவியுங்கள்.