ஊராட்சியின் குழந்தைப் பராமரிப்புத் திட்டம்: எங்கே தவறுகிறோம்?

2020 ஜனவரியில் எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராகப் பொறுப்பேற்றேன். சின்னக் குழந்தைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், 'பால்வாடிக்குப் புதுக் கட்டடம்' என்று சட்டென்று சொல்லியிருப்பேன். ஐந்து வருஷம் முடிந்து வெளியே வந்தபோதுதான் அந்தப் பதிலுக்குள்ளேயே எத்தனை தவறு ஒளிந்திருந்தது என்று புரிந்தது. கட்டடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் தாய் வேலைக்குக் கிளம்புவதிலிருந்து சாயங்காலம் திரும்பி வரும் வரை குழந்தை யார் கையில் இருக்கிறது? திட்டம் இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். நாங்கள் சுவரிலிருந்து தொடங்கினோம்.

ஊராட்சிப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களும், கிராம சபையில் எழுந்து கேட்க நினைக்கிற தாய்மார்களும் அதே தவறுகளைத் தாண்டிப் போக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

"அது ஐ.சி.டி.எஸ். வேலை, நமக்கென்ன?"

முதல் கூட்டத்தில் என் காதில் விழுந்த வாக்கியம் இது. பாதி உண்மை என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஐ.சி.டி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பணியாளர் நியமனம், சத்துமாவு, முட்டை எல்லாம் அந்தத் துறை வழியாகத்தான் வருகின்றன. ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் ஒரு ஆயாவைப் போட முடியாது.

ஆனால் மையத்தின் குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக் கதவு மூடுகிறதா, வாசலில் சாக்கடை தேங்குகிறதா, வழியில் தெருவிளக்கு எரிகிறதா? இவை எல்லாமே ஊராட்சியின் கையில் இருப்பவை. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளிடம் ஒப்படைப்பதற்கென்று 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் பட்டியலிட்டார்கள். அதில் 25-ஆவது பொருள் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. பணமும் இல்லாமல் இல்லை. 15-ஆவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டது. அங்கன்வாடியின் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் அதற்குள் அழகாக அடங்கும். எழுதிக் கேட்க ஆள் இல்லாததால் அந்தப் பணம் திரும்பத் திரும்ப மேல்நிலைத் தொட்டிக்கும் வாய்க்காலுக்குமே போனது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஐந்து குழுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று கல்விக் குழு. எங்கள் ஊரில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதுதான் அதன் ஞாபகமே வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே அந்தக் குழுவை அங்கன்வாடிக்குள் கூட்டிப் பாருங்கள். ஊராட்சி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் கண்ணில் படாதவை, அந்தச் சின்னப் பாயில் உட்கார்ந்தால் படும்.

புறம்போக்கு எங்கே இருக்கிறதோ அங்கே கட்டுவது

இடம் கிடைப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் என்று எங்கே புறம்போக்கு கிடக்கிறதோ அங்கேயே மையம் எழும்புகிறது. மூன்று வயதுக் குழந்தையின் காலுக்கு அரை கிலோமீட்டர் பெரிய தூரம். கொண்டுவந்து விடுகிற பாட்டிக்கு முழங்கால் வலி. மழை பெய்தால் அன்றைக்கு வருகை பாதியாகிவிடும்.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பயனில்லை. ஊருக்குள் கட்டினால் காலனிப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். காலனியில் கட்டினால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மறுக்கிறார்கள். 'தூரமா இருக்கு' என்று காரணம் சொல்வார்கள். அதே தூரத்திலிருக்கும் ரேஷன் கடைக்கு மட்டும் தினமும் நடப்பார்கள். இடத்தை முடிவு செய்யும் தீர்மானத்தில் சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ஆனாலும் முடிவு அதை வைத்துத்தான் நடக்கும். இரண்டு பகுதிக்கும் நடுவில், எல்லோரும் கடந்து போகும் இடத்தில், முடிந்தால் தொடக்கப்பள்ளி வளாகத்துக்குள்ளேயே வையுங்கள். அதற்கு நான்கு பேரைப் பகைத்துக்கொள்ள நேர்ந்தால் பகைத்துக்கொள்வதுதான் சரி.

கட்டடத்துக்கு வருவோம். நூறு நாள் வேலைத் திட்டம், நிதிக்குழு மானியம், துறை நிதி மூன்றையும் சேர்த்து ஒரு மையத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரை ஒன்றிய அரசு வரையறை செய்திருந்தது. அந்தத் தொகையில் நல்ல கட்டடமே வரும். ஆனால் மதிப்பீடு போடுகிறவருக்கு உள்ளே புழங்கப்போவது யார் என்பது மறந்துபோகிறது. எங்கள் மையத்தில் முதலில் வைத்தது பெரியவர்கள் உட்காரும் அளவுக் கழிப்பறைக் கோப்பை. ஒரு பெண் குழந்தை இரண்டு பக்கமும் காலை விரிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அன்றிலிருந்து பிள்ளைகள் எல்லோரும் வெளியே புதர் ஓரம்தான். கைகழுவும் குழாய் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. தரைத்தொட்டியின் இரும்பு மூடிக்குப் பூட்டே இல்லை. இந்தச் சின்ன வேலைகளுக்கு ஆகிற செலவு மொத்தத்தில் தூசு. பூசு வேலை முடிவதற்கு முன்னால் மையத்தின் டீச்சரை ஒருமுறை அழைத்துச் சுற்றிக் காட்டியிருந்தால் எல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சமையலறையைப் பற்றி எங்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரைச் சமையல்கூடத்தில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்கு அடுத்த வருஷங்களில் ஓலைக் கூரைகள் இறங்கின. ஆனாலும் அடுப்பும் குழந்தைகளும் ஒரே அறையைப் பங்கிடும் மையங்களை, வாடகைக் கட்டடங்களில் குறிப்பாக, நான் பார்த்திருக்கிறேன். அங்கே தடுப்புச் சுவர் எழுப்புவதை அடுத்த ஆண்டுத் திட்டத்துக்குத் தள்ளாதீர்கள்.

மையத்தின் நேரம் வேறு, தாயின் நேரம் வேறு

நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். 2022 அக்டோபர், சம்பா நடவு மும்முரம். குடிநீர் இணைப்பு பற்றிக் கேட்க ஒரு வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண் வாசலில் நின்றாள். இடுப்பில் பத்து மாதத் தம்பி. டம்ளர் டீயில் பிஸ்கட்டை நனைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் போகலையாம்மா?"

"அம்மா நடவுக்குப் போயிருக்காங்க அண்ணா. முடிஞ்சதும் போயிருவேன்."

"எத்தனை நாளாகும்?"

"பதினஞ்சு நாள்."

அந்த வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி எங்கள் புதிய கட்டடம் வர்ணம் மாறாமல் நிற்கிறது. ஆனால் பத்து மாதக் குழந்தையை அங்கே விட முடியாது. தமிழ்நாட்டில் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள்தான் மையத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை இருக்கிற குழந்தைக்குச் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகிறது. பாக்கெட் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுமா? கர்ப்பத்தின் 270 நாளும் முதல் இரண்டு வருஷத்தின் 730 நாளும் சேர்ந்த முதல் ஆயிரம் நாளைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். அந்த ஆயிரம் நாளில் பெரும்பகுதியில் குழந்தை பாட்டி கையிலோ அக்கா கையிலோதான் இருக்கிறது. அக்கா கையில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு இருக்கை காலி.

இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் பிரச்சினை தீரவில்லை. களையெடுக்கப் போகும் பெண் காலை ஏழு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பனியன் கம்பெனி வேன் அதற்கும் முன்னால் வந்துவிடுகிறது. மையம் திறப்பது அதற்குப் பிறகு, மூடுவது அவள் திரும்புவதற்கு முன்னால். இரண்டு பக்கமும் இடைவெளி. மாலையில் மையத்தின் படியில் ஆயா ஒருவர் இரண்டு பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்தேன். கதவு பூட்டியிருக்கும், அவருடைய வேலை நேரமும் முடிந்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

வழிகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம், வேலைத்தளத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ சின்னக் குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தி, மற்றவர்களுக்குச் சமமான கூலி தர வேண்டும் என்று எழுதி வைத்தது. நடைமுறையில் கருவேல மரத்தில் ஒரு தூளி தொங்கும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. வேலைத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் உறுப்பினர்களாகிய நாங்கள்தான். கேட்கவில்லை. 2017-இன் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்று வகுத்தது. 2022 முதல் 'பால்னா' என்ற பெயரில், அங்கன்வாடியோடு சேர்ந்தே ஆறு மாதக் குழந்தை முதல் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு இடம் உண்டு. கர்நாடகம் 2023-இல் 'கூசின மனே' என்று ஊராட்சி அளவிலேயே காப்பகங்களை அறிவித்தது. முதல் கட்டத்தின் இலக்கு 4,000 ஊராட்சிகள். ஊராட்சியால் இதெல்லாம் ஆகாது என்று சொல்கிறவர்கள் அந்த மாநிலத்தைப் பார்க்கட்டும்.

முதல் வேலை மட்டும் எளிது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீடு வீடாகப் போய் மூன்றே கேள்வி: அம்மா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எத்தனை மணிக்கு வருகிறார், அதுவரை குழந்தை யாரிடம்? நடவு, அறுப்பு மாதங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பட்டியலில் இல்லாத குழந்தைகள்

அதே நோட்டில் ஊருக்கு வெளியேயும் போங்கள். செங்கல் சூளை, கோழிப்பண்ணை, கல்குவாரி, புதிதாக வரும் மனைப்பிரிவுகளின் கட்டுமானம். அங்கே வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்த ஊரில் ரேஷன் அட்டை இல்லை, ஓட்டு இல்லை. அதனால் திட்டத்திலும் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த குழந்தைக்கும் பசி அதே பசிதான். அங்கன்வாடியில் சேர்க்க இந்த ஊர் முகவரி இருந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசுங்கள்.

மாற்றுத்திறன் குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். சாய்தளம் கட்டுகிறோம், அதில் ஏறி வர வேண்டிய குழந்தை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

டீச்சரை எல்லா வேலைக்கும் இழுப்பது

ஒரு மையத்தில் இருப்பது டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், வாக்காளர் பட்டியல் வேலைக்கும் பல இடங்களில் அவரைத்தான் அனுப்புகிறார்கள். டீச்சர் வெளியே போனால் ஆயா ஒருவரே சமைத்துக்கொண்டே பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். அந்த நாளில் பாட்டும் கிடையாது, கதையும் கிடையாது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆயா வேறென்ன செய்வார்? கொதிக்கிற சாம்பார் பக்கத்திலேயே இருக்கிறது.

இங்கே ஊராட்சிக்கு உண்மையான ஒரு சிக்கல் உண்டு. நிதிக்குழு மானியத்தில் சம்பளம் போட முடியாது என்பது விதி. சிமெண்டுக்குப் பணம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை. அதனால்தான் எல்லா ஊராட்சித் திட்டமும் கடைசியில் கட்டடமாகவே முடிகிறது என்று நினைக்கிறேன். இருந்தாலும் காலிப் பணியிடத்தை நிரப்பக் கோரித் தீர்மானம் போட்டு அனுப்பலாம். ஊராட்சி வேலைகளுக்கும் விழாக்களுக்கும் டீச்சரைக் கூப்பிடுவதை நாமாவது நிறுத்தலாம். நாங்கள் அந்த இரண்டாவதையே தாமதமாகத்தான் செய்தோம்.

ஏ.பி.சி.டி. சொன்னால்தான் தரம் என்று நம்புவது

2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்த பிறகு இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடிவிட்டது. ஆய்வுக்கு வருகிறவரும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி, 'இங்கிலீஷ் ரைம்ஸ் தெரியுமா?' நான்கு வயதுக் குழந்தை மணலில் கை அளைய வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், அழுதால் தூக்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். நல்ல மையமா என்று பார்க்க நான் கடைப்பிடித்த வழி ஒன்றுதான். டீச்சர் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் அவரை நோக்கி ஓடுகிறார்களா, ஒடுங்கி உட்காருகிறார்களா?

தாய்மார் வர முடியாத நேரத்தில் திட்டம் போடுவது

கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இப்போது ஒன்பது கருப்பொருள்கள். குழந்தை நேயக் கிராமம் அதில் ஒன்று. அதற்கான பக்கத்தை ஊராட்சிச் செயலர் ஒருவரே, போன வருஷத் தாளைப் பார்த்து நிரப்பிவிடுவார். கிராம சபை கூடுவதோ முற்பகலில். கைக்குழந்தையோடு வருகிற பெண் கடைசி வரிசையில் நிற்பார், குழந்தை அழுததும் வெளியே போய்விடுவார்.

எங்கள் கடைசி அக்டோபர் 2 கூட்டத்தில் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்து, விளையாட்டுச் சாமான் போட்டு, இரண்டு சுய உதவிக் குழுப் பெண்களைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அன்றைக்குத்தான் தாய்மார்கள் முழுக் கூட்டமும் உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பெண் எழுந்து, "நாலு மணிக்கு மேல புள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்டார். பதில் யாரிடமும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்வியை அவர் சொன்னபடியே எழுதச் சொன்னேன்.