இலையுதிர்காலத்துக்கு ஒரு ஜாக்கெட்: தொட்டுப் பார்த்து வாங்க வேண்டியவை

இலையுதிர்காலத்துக்கு ஜாக்கெட் வாங்குகிறவர்கள் கடையில் முதலில் அதை விரல்களால் அழுத்திப் பார்க்கிறார்கள். எது மெத்தென்று உப்பியிருக்கிறதோ அதுவே கதகதப்பானது என்று நம்பி எடுத்துக்கொள்கிறார்கள். நான் பழுதான ஆடைகளைப் பிரித்துத் தைப்பவள். ஜிப் கெட்டது, லைனிங் கிழிந்தது, பாக்கெட் ஓட்டையானது என்று எல்லா வகை ஜாக்கெட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன. ஒன்றை அதன் உடைமையாளர் எவ்வளவு உடுத்தினார் என்பதைக் கை முனையும் காலர் மடிப்பும் சொல்லிவிடும். மிகவும் உப்பலான ஜாக்கெட்டுகளில் அந்த இடங்கள் பெரும்பாலும் புதிதாகவே இருக்கின்றன. கை முனை நைந்து, பாக்கெட் வாய் பளபளத்து, எப்படியாவது இதைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்ற வேண்டுகோளோடு வருபவை வேறு ரகம். அவை நடுத்தரக் கனம் உள்ளவை, காற்றை உள்ளே விடாத துணியில் தைத்தவை, உள்ளே ஒரு ஸ்வெட்டருக்கு இடம் விட்டவை. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காரணம் பருவத்திலேயே இருக்கிறது. இலையுதிர்காலத்தில் காலை 6 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதே நாள் பிற்பகலில் 17 டிகிரிக்கு ஏறிவிடும். நடுவே ஒரு தூறல், மாலையில் ஒரு காற்று. கடுங்குளிருக்கான ஜாக்கெட்டை அணிந்து வெளியே போனால் நண்பகலில் அதைக் கழற்றிக் கையில் சுமக்க வேண்டியதுதான். வியர்த்துப்போன சட்டையோடு மாலைக் காற்றில் நின்றால், ஜாக்கெட் அணியாதவரைவிட அதிகமாகக் குளிரும். ஆகவே இந்தப் பருவத்துக்கு வேண்டியது கூட்டவும் குறைக்கவும் முடிகிற கதகதப்பு. அதை ஜாக்கெட் மட்டும் தர முடியாது. உள்ளே அணிவதும் சேர்ந்துதான் தரும்.

உடலைச் சூடாக வைப்பது துணி என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த வேலையைச் செய்வது துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். கம்பளி இழையின் சுருள், ஃப்லீஸ் என்னும் செயற்கைத் துணியின் பொசுபொசுப்பு, வாத்துத் தூவியின் கிளைகள் எல்லாம் காற்றைப் பிடித்து வைக்கும் வேறு வேறு வழிகள். வெளிக்காற்று உள்ளே புகுந்து, சூடேறிய அந்தக் காற்றைத் துரத்திவிட்டால் எவ்வளவு தடிமன் இருந்தும் பயனில்லை. அதனால்தான் வெளித்துணியை முதலில் சோதிக்கச் சொல்கிறேன். லைனிங் சேராத ஓர் ஒற்றைப் பகுதியைத் தேடிப் பிடியுங்கள். கீழ் ஓரத்திலோ பாக்கெட் மூடியிலோ கிடைக்கும். துணியை உதட்டில் ஒட்டி வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபுறம் வைத்த உள்ளங்கையில் தாராளமாகப் பட்டால், அது காற்றடிக்கும் நாளில் உங்களைக் கைவிடும். பிறகு அதே இடத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சங்கள் நிறையத் தெரிந்தால் நெய்வு தளர்வானது.

இனி துணி வகைகள். இங்கேதான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன். நாள்தோறும் வெட்டிப் பார்ப்பது இவற்றைத்தான்.

மெழுகு பூசிய பருத்தி எனக்கு மிகவும் பிடித்தது. காற்றை நிறுத்தும், தூறலைத் தாங்கும், கிழிந்தால் அழகாக ஒட்டுப்போடலாம். ஆண்டுகள் ஏற ஏற மடிப்புகளில் நிறம் வெளிறி, உடுத்துபவரின் முழங்கை மடங்கும் இடம்கூட அதில் பதிந்துவிடும். அதற்கென்று சில கடமைகளும் உண்டு. இயந்திரத்தில் போடக் கூடாது, சோப்பு கூடாது. குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். மெழுகு வற்றிய இடங்களில் மறுபடி பூச வேண்டும். புதிதில் சற்றே ஒட்டும், ஒரு வாசனையும் இருக்கும். வெளிர்நிற இருக்கைகளில் அடிக்கடி உட்காருகிறவர்கள் யோசித்து வாங்குங்கள். தனியாக இதில் கதகதப்பு குறைவு. அடியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் போட்டால் நிலைமை மாறிவிடும்.

மெல்டன் எனப்படும் அடர்த்தியாக அமுக்கிய கம்பளி இன்னொரு நல்ல தேர்வு. அதன் மேற்பரப்பில் நெய்வே தெரியாத அளவுக்கு இழைகள் பின்னிக் கிடக்கும்; காற்று எளிதில் புகாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. சிறு தூறலுக்குக் கவலை வேண்டாம். துர்நாற்றமும் எளிதில் பிடிக்காது. இரவு காற்றாட மாட்டி வைத்தால் போதும். வாங்கும்போது உள்ளே தைத்த சீட்டைப் படியுங்கள். கம்பளியின் பங்கு 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நான் மகிழ்ச்சியோடு பரிந்துரைப்பேன். கம்பளி பாதிக்கும் கீழே போய் அக்ரிலிக் ஏறிவிட்ட துணிகளில் உரசும் இடமெல்லாம் சிறு உருண்டைகள் திரள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஃப்லீஸ் பாலியெஸ்டரில் செய்யப்படுவது. 1980களின் தொடக்கத்திலிருந்து பரவலானது. 100, 200, 300 என்று அதன் கனத்தைக் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். எடை குறைவு, விரைவில் உலரும், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் காற்று அதன் வழியே தாராளமாகப் போய்வரும். ஆகவே 100 அல்லது 200 ஃப்லீஸை உள்ளே அணியும் உடையாகக் கருதுங்கள். அதையே வெளி ஜாக்கெட்டாக வாங்கிவிட்டு, காற்றில் நடுங்குவது எதற்கு?

தூவி நிரப்பியவற்றில் 550, 650, 800 என்று எண்கள் இருக்கும். ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதன் அளவு அது. எண் கூடினால் அதே எடைக்கு அதிக உப்பல். எவ்வளவு தூவி நிரப்பியிருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. தூவி நனைந்தால் உப்பல் அடங்கிவிடும், கதகதப்பும் போய்விடும். மழை கலந்த பருவத்துக்குச் செயற்கை இழை நிரப்பியவை மேல். ஈரத்திலும் ஓரளவு உப்பல் காக்கும். இரண்டிலும் தையல் கோடுகளைக் கவனியுங்கள். மேல்துணியையும் உள்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்த கோட்டில் நிரப்பு இருக்காது. அங்கே குளிர் ஏறும். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குளிர் வழிகள். கைப்பகுதி மட்டும் மெலிதாக நிரப்பிய குவில்ட் ஜாக்கெட், அதாவது இப்படி நிரப்பு வைத்துக் கோடுகோடாகத் தைத்தது, இந்தப் பருவத்துக்கு ஏற்றது. மெழுகுப் பருத்திக்கு அடியிலும் அது நுழையும்.

டெனிமுக்கு உள்ளே ஆட்டுரோமம் போன்ற செயற்கைத் துணி தைத்த ஜாக்கெட்டைப் பலர் விரும்புகிறார்கள். மார்புக்கும் முதுகுக்கும் அது நன்றாக இருக்கும். கைக்குள்ளும் அதே துணி ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஓடினால் ஸ்வெட்டரின் கை அதில் சிக்கிச் சுருண்டு முழங்கையில் திரண்டுவிடும். கைக்குள் வழுவழுப்பான லைனிங் கொடுத்திருந்தால் தைத்தவர் உடுத்துபவரை நினைத்துத் தைத்திருக்கிறார் என்று பொருள்.

பழைய வடிவங்களில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் எம்-65 கள ஜாக்கெட் 1965இல் வந்தது. வெளிக்கூட்டுக்கு உள்ளே பொத்தானிட்டு மாட்டிக் கழற்றக்கூடிய ஒரு குவில்ட் உள்ளங்கி அதற்கு உண்டு. வெயில் ஏறினால் எடுத்துவிடலாம். நான் இவ்வளவு நேரம் சொல்லிவரும் கருத்து முழுவதும் அந்த ஒரே உடையில் தைக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று, பாராகுட்டா நிறுவனம் மான்செஸ்டரில் 1937இல் கொண்டுவந்த ஜி9. இடுப்பில் நிற்கும் நீளம், பின்னல் பட்டி வைத்த இடுப்பும் கை முனையும், முதுகில் மழைநீரை வடியவிடும் குடை வடிவ மடிப்பு. இன்று ஹாரிங்டன் என்ற பெயரில் எல்லாக் கடைகளிலும் கிடைப்பது அதன் வழிவந்ததே. மிதமான நாட்களுக்கு அருமையான உடை. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இடங்களில் அது மட்டும் போதாது.

துணி பிடித்துவிட்டதா? இனி உடுத்திப் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்போதே உங்களிடம் உள்ள மிகத் தடித்த ஸ்வெட்டரை அணிந்துகொண்டு போங்கள். மெல்லிய சட்டைமேல் கச்சிதமாக உட்காரும் ஜாக்கெட், ஸ்வெட்டர் போட்டதும் மார்பில் இழுத்துப் பிடிக்கும். உள்ளே இருக்கும் காற்றும் நசுங்கிவிடும். அப்புறம் ஸ்வெட்டரால் பயன் ஏது?

நான் மிகவும் வலியுறுத்துவது கைக்குழியை. ஜாக்கெட்டை மூடி, இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்குங்கள். கீழ் ஓரம் சற்று எழும்புவது இயல்பு. ஜாக்கெட் முழுவதுமே தொப்புள் வரை ஏறினால் கைக்குழி மிகத் தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் இடுப்பில் குளிர் புகும். தாழ்ந்த கைக்குழி கடையில் தளர்வாக, வசதியாகத் தோன்றும். அந்த வசதியை நம்பாதீர்கள். அக்குளுக்கு அருகே உயர்ந்து நிற்கும் கைக்குழிதான் கை அசைவைச் சுதந்திரமாக விடும். அடுத்து, கைகளை முன்னால் குறுக்கே கட்டி உங்களை நீங்களே அணைத்துக்கொள்ளுங்கள். முதுகு விறைத்து இழுத்தால் ஓர் அளவு பெரிதாகப் பாருங்கள். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் ஓடும் ராக்லான் கை, தோள் அமைப்பு எப்படி இருந்தாலும் பொருந்தும். உள்ளே தடித்த உடை போடுகிறவர்களுக்கு மிகவும் ஏற்றது.

எதை ஆல்டரேஷனில் சரிசெய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கை நீளத்தைக் குறைக்கலாம். பக்கத் தையலை உள்ளே பிடிக்கலாம். பொத்தானை நகர்த்தலாம். தோள் அகலத்தை மாற்றுவது ஜாக்கெட்டை ஏறக்குறைய முழுவதுமாகப் பிரித்துக் கட்டும் வேலை; கூலி எகிறிவிடும். தோள் பொருந்தவில்லை என்றால், துணி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி மாட்டிவிட்டு வாருங்கள்.

நீளம் பின்புறத்தின் பாதியை மறைத்தால் நல்லது. அதற்கும் கீழே இறங்கினால் உட்காரும்போது மடியில் மடங்கும். அப்போது கீழிருந்தும் திறக்கக்கூடிய இருவழி ஜிப் வேண்டும். காலரை நிமிர்த்தி முழுவதும் மூடிப் பாருங்கள்: தாடைக்குக் கீழே துணி மெதுவாகத் தொட வேண்டும், ஜிப்பின் உலோகம் தோலில் உராயக் கூடாது. கழற்ற முடிகிற தொப்பி இருந்தால் வரவேற்கலாம். கழற்ற முடியாதது உள்ளே அணிந்த ஸ்வெட்டரின் தொப்பியோடு சண்டை போடும்.

ஜிப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எனக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி அதுதான். கடையில் ரன்னரை மேலும் கீழும் பலமுறை ஓட்டிப் பாருங்கள், ஒரு கையாலும் ஓட்டிப் பாருங்கள். லைனிங் துணி பற்களில் சிக்குகிறதென்றால் வீட்டிலும் சிக்கும். அடிமுனையில் ஜிப்பின் ஊசி நுழையும் சிறு பெட்டி ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும். கிழிவது பெரும்பாலும் அங்கேதான். ஜிப்புக்குப் பின்னால் அகலமான ஒரு துணிப்பட்டி ஓடினால் பற்களின் இடுக்கு வழியாகக் காற்று புகாது. பொத்தான் வைத்த ஜாக்கெட்டில் காஜாவைப் பாருங்கள். புதிதிலேயே பிசிறு தெரிந்தால் அது ஒரு பருவம்கூடத் தாங்காது.

பாக்கெட் பக்கவாட்டிலிருந்து கை நுழைவதாக, உள்ளே ஃப்லீஸ் அல்லது கம்பளி வைத்ததாக இருக்கட்டும். மேலிருந்து நுழையும் பாக்கெட் பொருள் வைக்க ஏற்றது. குளிர்ந்த கைக்கு உதவாது. உள்ளே ஜிப் வைத்த பாக்கெட் ஒன்றாவது வேண்டும்.

நிறத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: கருநீலம், ஆலிவ் பச்சை, அடர் பழுப்பு. மூன்றும் டெனிமுக்கும் கம்பளிக் கால்சட்டைக்கும் சேரும், அழுக்கும் தாங்கும்.

மழைக்கு: வெளித்துணியில் ஒரு சொட்டு நீர் உருண்டு ஓடினால் நீர்விலக்கும் பூச்சு இருக்கிறது. தூறலுக்கு அது போதும். கொட்டும் மழைக்குத் தையல்களின் உட்புறம் நாடா ஒட்டிய மழை அங்கிதான் வேண்டும்; கதகதப்பையும் முழு மழைக்காப்பையும் ஒரே உடையில் தேடினால் வியர்வை வெளியேற வழியில்லாத ஒன்றோடு வீடு திரும்புவீர்கள். அந்தப் பூச்சு நாளடைவில் மங்கும். துவைத்து உலர்த்தியபின், சீட்டு அனுமதித்தால், உலர்த்தியில் மிதமான சூட்டில் சிறிது நேரம் போட்டால் மீண்டும் வேலை செய்யும். துணி மென்மையாக்கும் திரவத்தை இதற்கும் ஃப்லீஸுக்கும் பயன்படுத்தாதீர்கள். இழைகளின் மேல் படிந்து இரண்டையும் கெடுக்கும்.

வாங்கியபின் சீட்டுகளை உடனே வெட்டாதீர்கள். வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு அரை மணி நேரம் அணிந்திருங்கள். நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து காலணி நாடாவைக் கட்டுங்கள், தோளில் பையை மாட்டிப் பாருங்கள். பை வார் காலரைக் கீழே இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வெறும் சட்டைமேல் அதையே அணிந்து பாருங்கள். இரண்டு நிலையிலும் கண்ணாடியில் நன்றாகத் தெரிந்து, தோளும் அக்குளும் உறுத்தாமல் இருந்தால் கத்தரியை எடுக்கலாம். ஏதாவது ஓரிடம் உறுத்தினால் ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.