வெட்டிய இடம் வெள்ளை: கட்டசோமேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிமோனோத் துணிக்கு உருவம் வெட்டிய அச்சுத்தாள் வைத்துச் சாயமிடும் ஜப்பானியக் கலைக்குக் கட்டசோமே என்று பெயர். புதிதாகப் பழகுகிறவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன்பே சறுக்கிவிடுகிறார்கள். தாளில் வெட்டிய இடத்தில் சாயம் இறங்கும் என்று நினைப்பு. இறங்குவது அரிசிப் பசை. அது மூடிய இடத்தில் நிறம் ஏறாது. நீலப் பூ வேண்டுமென்று பூவை வெட்டினால், நீலத் துணியில் வெள்ளைப் பூதான் கிடைக்கும்.

ஒரு வட்டத்தைச் சுற்றி முழுதாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். அதனால் அங்கங்கே மெல்லிய இணைப்பு விட வேண்டும். அந்த இணைப்பும் பூவின் நரம்பாகவோ இலைக் காம்பாகவோ தெரிந்தால்தான் அது கைத்திறன். மியே மாகாணத்துச் சுசூகாவில் உருவாகும் இசே அச்சுத்தாள்களில், இணைப்பு நிற்காத நுண்கோடுகளைப் பட்டு நூலால் பிடித்து நிறுத்துவார்கள். சாதாரண அட்டையில் வெட்டுவது வீண் வேலை, ஈரம் பட்டதும் ஊறிவிடும். இசே தாள், மரப்பட்டைக் காகிதத்தைப் புளித்த பெர்சிமன் காய்ச்சாற்றால் அடுக்கடுக்காக ஒட்டிப் புகையூட்டியது. அதையும் உலர்ந்தபடியே வைத்தால் சுருண்டுகொள்ளும். நீரில் ஊறவைத்து, ஒற்றியெடுத்த பிறகே துணிமேல் வைக்க வேண்டும்.

பெரும்பாலோரைக் கவிழ்ப்பது பசைதான். பசையரிசி மாவை மட்டும் காய்ச்சினால், காய்ந்ததும் வெடித்து விரிசல் வழியே சாயம் புகும். சலித்த தவிடும் சேர வேண்டும். பிசைந்த மாவை நம் மெதுவடை போல நடுவில் ஓட்டையிட்டு ஆவியில் வேகவைக்கிறார்கள். வடைக்கு உள்ள அதே காரணம்தான்: நடுப்பகுதி வேக வேண்டும். வெந்ததை மசித்துச் சுண்ணாம்பு நீர் விட்டால் மஞ்சளாக மாறும். பிறகு உப்பு. அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் வறண்ட நாளில் கூட்டி, மழை நாளில் குறைக்க வேண்டும். ஒரே கரண்டிக் கணக்கை எல்லா நாளுக்கும் நம்புகிறவர் பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிமோனோத் துணி ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். ஒரே தாளை நகர்த்தி நகர்த்தி அவ்வளவையும் நிரப்ப வேண்டும். தாளின் ஓரத்தில் உள்ள சிறு துளைகளுக்கு 'ஹோஷி', அதாவது நட்சத்திரம், என்று பெயர். முந்தைய பதிவின் புள்ளிமேல் அது சரியாக உட்கார வேண்டும். மிக நுண்ணிய புள்ளிகளால் ஆன எடோ கோமோன் வகையில் மயிரிழை பிசகினாலும் தப்பாது: தூரத்தில் ஒற்றை நிறமாகத் தெரிய வேண்டிய துணியில் குறுக்கே கோடு விழுந்துவிடும்.

பசை காய்ந்ததும், சாயம் துணியில் நன்றாகப் பிடிப்பதற்காகத் தூரிகையால் பூசும் சோயாப் பால் அன்றைக்கு அரைத்ததாக இருக்கட்டும். கடைசியில் அலசும்போது தேய்க்கவே கூடாது. தண்ணீரில் கிடக்கவிட்டால், பசை ஊறி, தானாகவே நழுவிப் போகும்.