ஹைத்தாபு: வைக்கிங் துறைமுகத்தைக் காணச் செல்வோருக்கு

வட ஜெர்மனியில் ஷ்லெஸ்விக் நகருக்கு அருகே, பால்டிக் கடலிலிருந்து உள்நாட்டுக்குள் நீளும் ஷ்லை கடற்கழியின் முனையில், ஹைத்தாபு என்ற வைக்கிங் (பண்டைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின்) வணிகத்துறை இருந்தது. கி.பி. 808இல் டென்மார்க் மன்னர் கோட்ஃபிரட் வேறொரு துறைமுகத்தின் வணிகர்களை இங்கே குடியேற்றிய பின் இது செழித்தது. 1066இல் அழிக்கப்பட்டபோது மக்கள் ஷ்லெஸ்விக்கிற்கு இடம்பெயர்ந்தனர். 2018இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் ஷ்லெஸ்விக் சென்று, அங்கிருந்து பேருந்திலோ மிதிவண்டியிலோ இவ்விடத்தை அடையலாம்.

முதலில் அருங்காட்சியகத்தைப் பாருங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. ஊர் இருந்த நிலம் இன்று வெறும் புல்வெளியாகவே தெரிவதால், துறைமுக நீரடியிலிருந்து 1979இல் மீட்கப்பட்ட நீண்ட போர்க்கப்பலின் எச்சங்களையும் ரூனிக் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் பொறித்த கல்வெட்டுகளையும் முன்பே கண்டவர்களுக்குத்தான் அந்த வெறுமை பேசத் தொடங்கும். பின்னர் நீர்க்கரையை ஒட்டிய பாதையில் நடந்தால், அகழாய்வுச் சான்றுகளின்படி மீண்டும் கட்டப்பட்ட ஏழு வீடுகளையும் படகுத்துறையையும் அடைவீர்கள். குளிர்காலத்தில் இவ்வீடுகள் மூடப்படுவதால், பயண நாளைக் குறிக்கும் முன் திறப்பு நேரத்தைச் சரிபார்ப்பது அவசியம்.

அவசரப்படாமல், ஊரை அரைவட்டமாகச் சூழ்ந்துள்ள மண் அரணின் மீது நடந்து செல்லுங்கள். கழியின் அமைதியான நீரும், சுமார் 24 எக்டேர் பரப்புள்ள பழைய ஊரும் ஒரே பார்வையில் விரியும் இடம் அதுவே. அங்கே ஈரத்தில் வழுக்காத காலணி தேவைப்படும்.